எச் பன்னிரண்டு

பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டார்கள்,
லேபில் என்ன வேலை என்று.
மலம் பார்க்கிறேன் என்றேன்.
ஆன்டாப் ஹில்லிலிருந்து வந்த அந்த அம்மாள்
கேசரி ஸ்பூனைக் கீழே வைத்தார்.
ரத்தம் பார்ப்பதாகச் சொல்லியிருக்கலாம்
என்றான் தம்பி, அவர்கள் போனபின்.
சொல்லியிருக்கலாம்தான்.

ஜூலை.
குர்லாவில் தண்டவாளம் மூழ்க
நின்ற ரயிலிலிருந்து குதித்து இறங்கி
முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தார் ஷாலன் காம்ப்ளே,
தலையில் ஐஸ் பெட்டி.
இடுப்புவரை புடவை ஊறியிருந்தது.
பெட்டியில் ஒரு சொட்டு இல்லை.

உள்ளே இரண்டு குப்பிகள்,
ஒருநாள் இடைவெளியில் எடுத்தவை.
ஜுனைத், மூன்று வயது, கோவண்டி.
காய்ச்சல் நான்கு நாள். இடது கால் துவண்டுவிட்டது.
வயிற்றுப்போக்கு எப்போதிலிருந்து என்ற கட்டத்தில்
மராத்தியில் ஒரே சொல்:
எப்போதும்.

கட்டைவிரல் அளவு போதும் என்றுதான் சொல்கிறோம்.
அவன் அம்மா வாய்வரை நிரப்பி அனுப்பியிருந்தாள்,
நிறையக் கொடுத்தால் நன்றாகப் பார்ப்பார்கள் என்று.

கலக்கி, சுழற்றி,
மேலே தெளிந்ததை மட்டும் உறிஞ்சி,
அதற்குள்ளிருந்து ஆர்.என்.ஏ.வைப் பிரித்தேன்.
விரல் பட்டாலே அறுந்துபோகிற இழை;
ஒரு பிள்ளையின் காலை மடக்கிப்போட
அதுவே போதுமாயிருக்கிறது.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
கடைசிக் குழி, எச் பன்னிரண்டு,
எந்தக் குழந்தைக்கும் இல்லை.
அதில் வெறும் தண்ணீர்.
ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான் அதன் வேலை.

சூடு, ஆறல், சூடு, ஆறல்.
ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும்.
இருபத்தேழாம் சுற்றில் ஜுனைத்தின் கோடு எழுந்தது,
ஹிந்த்மாதாவில் மழைத்தண்ணீர் ஏறுகிற மாதிரி:
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
இன்னும் ஒன்றுமில்லை,
பிறகு பார்த்தால் செருப்பு மிதக்கும்.

முப்பத்தாறாம் சுற்றில்
தண்ணீரும் எழுந்தது.

என் கையுறையா, புட்டியா,
காற்றில் மிதந்த ஏதோவொன்றா?
ஃப்ளாவியா எட்டிப் பார்த்தாள்.
"முப்பத்தாறுதானே. கடைசி லோக்கல் போய்விடும்."
மற்ற எல்லாக் கோடும் ஒழுங்காகத்தான் இருந்தன.
தண்ணீர் பொய் சொன்னால்
ஒழுங்காக இருப்பதற்கு என்ன மதிப்பு?
தட்டை மஞ்சள் பையில் போட்டேன்.

பிளீச் ஊற்றி மேஜையைத் துடைத்து,
புது முனைகள், புதுப் புட்டி, பக்கத்து அறை.
முதலிலிருந்து.
அந்த அம்மா நிறையக் கொடுத்தனுப்பியது
அப்போது உதவியது.
லோக்கல் போய்விட்டது.

இரண்டரை மணிக்கு
எச் பன்னிரண்டு தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது
நாற்பது சுற்றும்.
ஐந்து மைக்ரோலிட்டர்.
அந்த ஜூலையில் இந்த ஊரில்
நான் சத்தியம் செய்யக்கூடிய தண்ணீர் அவ்வளவுதான்.

ஜுனைத் மறுபடியும் இருபத்தேழு.
என்டெரோவைரஸ்: உண்டு.
போலியோ: இல்லை.

அறிக்கை மேலே போனது.
அங்கிருந்து இன்னும் மேலே போனது.
'மிக்க நன்று' என்று பதில் வந்தது.

மாலையில் ஷாலன் காம்ப்ளே போன் செய்தார்.
இரண்டு முனையிலும் மழை.
பின்னால் ஒரு பெண்குரல் விடாமல் எதையோ கேட்டது.
போலியோ இல்லை என்றேன்.
"அப்போ என்ன?"
வேறொன்று.
"வேறொன்றுக்கு ஊசி இருக்கா?"
இல்லை.
கொஞ்ச நேரம் மழை மட்டும் பேசியது.
"கால் எப்ப எழும்பும்னு கேக்கறா."

அறுபதாம் நாள் டாக்டர் வந்து பார்ப்பார் என்றேன்.
அது உண்மை.
அவள் கேட்டது அதுவல்ல.

ஃப்ரீஸரில் அரைக் குப்பி
இன்னும் மீதி இருக்கிறது.